இரண்டு சம்பந்திகளுக்குச் சமைத்த காலம்

நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய மாதத்திலேயே எங்கள் வீட்டுச் சமையலறை என் கைக்கு வந்து சேர்ந்தது. தொண்ணூறுகள் முடியப் போகிற சமயம். ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பொம்மனஹள்ளியில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். மனைவிக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. கம்பெனி பஸ் மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் எல்லோருக்கும் சமைத்து, டப்பாக்களில் அடைத்து, தலையைக்கூடச் சரியாக வாராமல் ஓடுவாள். நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவள் எதற்கு அப்படி ஓட வேண்டும்? நாளையிலிருந்து அடுப்பு என் பொறுப்பு, நீ கொஞ்சம் தூங்கு என்று சொன்னேன். விளையாட்டுக்குச் சொல்கிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தாள். மறுநாள் காலையில் குக்கர் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தாள்.

சமையல் எனக்குப் புதிதல்ல. தொண்ணூற்றொன்றில் குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு வந்தபோது ஈஜிபுராவில் ஒற்றை அறையில் நான்கு பேர் தங்கியிருந்தோம். மற்ற மூன்று பேரும் பாத்திரம் கழுவ ஒப்புக்கொண்டார்கள், நான் சமைக்க ஒப்புக்கொண்டேன். அதில் எனக்குத்தான் லாபம், கை பழகிவிட்டது. தொழிற்சாலையில் நான் டூல் ரூம் ஆள். இரும்பை மயிரிழை அளவுக்குச் சீவிச் சீவி அளந்து பார்க்கிற வேலை. அந்தக் கைக்கு பீன்ஸ் ஒரே அளவில் நறுக்குவது ஒரு காரியமே இல்லை. நான் நன்றாகச் சமைப்பேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதும் கூச்சம் இருந்ததில்லை.

ஆனால் அந்த வீட்டில் சமைப்பதற்கு ருசி மட்டும் போதாது. இரண்டு பக்கமும் சைவக் குடும்பம் என்பதால் கறி மீன் பேச்சே கிடையாது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

என் அம்மா இறந்த பிறகு அப்பா எங்களோடு வந்து தங்கினார். ஊரில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நீண்ட நாளாகச் சர்க்கரை வியாதி. அவர் வந்த மறு வருஷம், கிருஷ்ணகிரியில் மகனோடு இருந்த என் மாமியாருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருப்பது தெரிந்தது. வைத்தியம் பெங்களூரில்தான் என்றானதும் அவரும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆக, சம்பந்திகள் இருவரும் ஒரே கூரையின் கீழ்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தி ஆணும் பெண்ணும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது, மரியாதைதான் காரணம். அப்பாவுக்கு ஹாலில் கட்டில், மாமியாருக்கு என் மகளோடு உள் அறை. அவர் ஹாலைக் கடந்து போக வேண்டுமென்றால் முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு சுவரோரமாகப் போவார். அப்பா செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். "சம்பந்தியம்மாவுக்குக் காலு வீக்கம் எப்படி இருக்குதாம்?" என்று அப்பா என்னிடம் கேட்பார். கேள்வி உள் அறைக்குத் தெளிவாகக் கேட்கும். "பரவால்லன்னு சொல்லுங்க மாப்ளே" என்று உள்ளேயிருந்து பதில் வரும். நான் நடுவில் நின்று பருப்பு கடைந்துகொண்டிருப்பேன்.

இந்த இருவரின் உடம்புக்கும் ஒத்துக்கொள்கிற சாப்பாடு ஒன்றுக்கொன்று நேர் எதிர். அப்பாவுக்குக் கீரை நல்லது, பருப்பு நல்லது, கேழ்வரகு நல்லது. வெள்ளைச் சோற்றைக் குறைக்க வேண்டும், ஜவ்வரிசி வேண்டவே வேண்டாம். மாமியாருக்குக் கீரை ஆகாது, பருப்பு அளவாகத்தான், கேழ்வரகு கூடாது. வெள்ளைச் சோறும் ஜவ்வரிசியும் தாராளமாகச் சாப்பிடலாம். உப்பு மிகக் குறைவு. தக்காளி, வாழைப்பழம், உருளைக்கிழங்கு எல்லாம் விலக்கு. தண்ணீருக்கும் அளவு உண்டு. போதாததற்கு என் மகளுக்குப் பால், தயிர் எதுவும் ஒத்துக்கொள்ளாது, குடித்தால் வயிற்றுவலி. எதைப் போட்டாலும் சாப்பிடுகிறவள் என் மனைவி ஒருத்திதான். அவளுக்கும் மதியச் சாப்பாடு டப்பாவில் ஒழுகாமல் போக வேண்டும்.

முதல் வாரம் நான்கு சமையலாகச் செய்தேன். அது முட்டாள்தனம் என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. டூல் ரூமில் ஒரே வார்ப்பிலிருந்து வெவ்வேறு பாகங்கள் செய்வோம். பாதி வேலை எல்லாவற்றுக்கும் பொது. எந்த இடத்தில் பிரிக்கிறோம் என்பதுதான் திறமை. சமையலையும் அப்படியே பிரித்தேன். காய் ஒன்றுதான். தோல் சீவி நறுக்கியதும் மாமியாரின் பங்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போய்விடும். பிறகு நிறைய தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும். காயில் இருக்கிற பொட்டாசியம் என்கிற சத்து அவருக்கு ஆகாது, அது தண்ணீரோடு போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மற்றவர்களின் பங்கு குக்கருக்குப் போகும். உப்பு கடைசியில், அவரவர் கிண்ணத்தில். வடித்த காய்க்கு உப்பு இல்லாத குறையை மறைக்க மிளகு, வறுத்த சீரகம், இஞ்சி, பெருங்காயம், எலுமிச்சை நாலு சொட்டு. கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டுத் தாளித்தால், உப்பு இல்லை என்பது நாக்குக்குத் தெரிவதற்குள் பாதிச் சோறு இறங்கிவிடும்.

அப்பாவுக்குக் காலையில் கேழ்வரகு தோசை, மதியம் களி. கீழ் வீட்டு ஓனரம்மா கன்னடக்காரர், களி கிண்டுகிற வாசனை வந்தால் படியேறி வந்து எட்டிப் பார்ப்பார். "முத்தே சென்னாகிதே சார், ஆனா இன்னும் கொஞ்சம் கிண்டணும்" என்று, களி நன்றாக இருப்பதாகக் கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார். மகளுக்கு மோர்க்குழம்புக்குப் பதில் தேங்காய்ப் பாலில் ஒரு குழம்பு கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்தில் அவள் தோழிகள் அதைப் பிடுங்கித் தின்றுவிட்டார்கள் என்று புகார் வந்தது. எனக்கு அது விருது மாதிரி.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு காய் அமைந்தது, சௌசௌ. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பெங்களூர் கத்தரிக்காய். பெங்களூரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. தள்ளுவண்டிக்காரர் 'சீமெபதனேகாய்' என்று கூவிக்கொண்டு வருவார். சர்க்கரைக்கும் கெடுதலில்லை, வடித்தால் சிறுநீரகத்துக்கும் கெடுதலில்லை. மிளகு சீரகம் அரைத்து விட்டுக் கூட்டு வைத்தால் மணக்கும். வாரத்துக்கு இரண்டு முறையாவது அதுதான்.

அப்பாவுக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்கவில்லை. மகன் கரண்டி பிடிப்பது அவருக்கு அவமானமாக இருந்தது. ஊரிலிருந்து யாராவது வந்தால் "லீவுல இருக்கான்" என்று சொல்லிவிடுவார். மாதக்கணக்கில் யாருக்கு லீவு கொடுப்பார்கள் என்று வந்தவர்கள் கேட்காமல் டீயைக் குடித்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் தன் தட்டையும் உள்ளே போகிற தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரே வீட்ல ரெண்டு ஓட்டலு நடத்துறியா?" என்று கேட்டார்.

"ஓட்டல் ஒண்ணுதாம்பா. தட்டுதான் வேற" என்றேன்.

அவர் களியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். ஆனால் வடிகட்டிய காய்த் தண்ணீரை நான் தொட்டியில் கொட்டும்போதெல்லாம் அவர் பார்வை அதன் மேலேயே இருந்ததைக் கவனித்திருந்தேன். அதற்கு அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை.

மார்ச் வந்தது. பெங்களூரில் வெயிலே இல்லை என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடியில் மார்ச் மாதத்தில் இருந்து பார்த்தால் தெரியும். மாமியாருக்கு நாள் முழுவதற்குமான தண்ணீரைக் காலையில் ஒரு சொம்பில் ஊற்றி வைத்துவிடுவேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு மூடி வைப்பார், மறுபடி திறந்து பார்ப்பார். தாகத்துக்கு ஏலக்காய் மென்றுகொண்டிருப்பார். ஒருநாளும் கூடக் கொடு என்று கேட்டதில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு காலை, மனைவி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மாமியாரால் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. கால் தன்னுடையது மாதிரியே இல்லை, யாரோ கழற்றி எடுத்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றார். உதட்டைச் சுற்றி மரத்துப்போயிருந்தது. நாடியைப் பிடித்துப் பார்த்தேன், மிக மெதுவாகத் துடித்தது. ஆட்டோவில் தூக்கி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மார்பில் ஒயர்களை ஒட்டி எடுத்த படத்தைப் பார்த்த டாக்டரம்மா அடுத்த நிமிஷமே நர்ஸை விரட்டி ஊசி போடச் சொன்னார். ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் ஏறியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இதயமே நின்றிருக்கும் என்றார்.

ஆபத்துக் கட்டம் கொஞ்சம் தணிந்ததும் என்னிடம் வந்து, என்னவெல்லாம் சாப்பிட்டார் என்று கேட்டார். ஒரு வாரச் சமையலை வேளை வாரியாகச் சொன்னேன். என்ன காய், எவ்வளவு நேரம் ஊறியது, எத்தனை முறை வடித்தேன், எல்லாவற்றையும். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, இதில் எதுவும் இவ்வளவு ஏற்றாது என்றார். வெளியில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று மாமியாரிடம் கேட்டபோது, அவர் இல்லையென்று தலையசைத்தார்.

மதியத்துக்குள் கிருஷ்ணகிரியிலிருந்து என் மைத்துனர் வந்துவிட்டார். தாயைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவருக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "ஆம்பள கையில சமையல விட்டா இப்படித்தான் ஆவும். ஒரு பொம்பளைய வேலைக்கு வெச்சிருக்கலாமில்ல?" என்று தன் தங்கையைப் பார்த்துக் கேட்டார். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அவளிடம் கேட்டார்.

மனைவி என்னை வராந்தாவின் கோடிக்கு அழைத்துக்கொண்டு போனாள். அழுது கண் சிவந்திருந்தது.

"நல்லா யோசிச்சுப் பாருங்க. எங்கியாவது கை தவறி தக்காளி, கீரைன்னு ஏதாவது..."

"யோசிச்சிட்டேன். என் கையால போனதுல இல்ல. வேற எங்கியோ இருக்குது."

அவள் என் கண்ணையே பார்த்தாள். பிறகு சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்கு அந்தச் சமயத்தில் பயம் இருந்தது, ஆனால் சந்தேகம் இல்லை. டூல் ரூமில் ஒரு பாகம் சோதனையில் தவறினால் எல்லோரும் கடைசியாகத் தொட்டவனைத்தான் பார்ப்பார்கள். தன் அளவு தனக்குத் தெரிந்தவன் அங்கே அசைய மாட்டான். நானும் அசையவில்லை.

மாமியார் படுக்கையிலிருந்து மகனைக் கூப்பிட்டு, மாப்பிள்ளை சமையலில் ஒரு குறையும் கிடையாது, அவரை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று சொன்னாராம். அப்படியானால் வேறு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை.

மாற்றுப் புடவை எடுத்துவரவும் அப்பாவுக்குச் சாப்பாடு போடவும் நான் வீட்டுக்குப் போனேன். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரக் கீழ் வீட்டு ஓனரம்மாவிடம் சொல்லிவைத்தேன். அப்பாவுக்கு வேளைக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும். காலையில் பாதி கிண்டி விட்டுப்போன களியைச் சூடு செய்து, கீரைக் கடைசலோடு முன்னால் வைத்தேன். சம்பந்தியம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"அது என்ன சத்துன்னு சொன்ன?"

"பொட்டாசியம்பா. கீரை, வாழைப்பழம், தக்காளி, இளநீ, இதுல எல்லாம் இருக்கும். நமக்கு நல்லது. அவங்களுக்கு அது விஷம்."

எடுத்த களி உருண்டையை அப்பா மறுபடி தட்டிலேயே வைத்தார். சாப்பிடுங்கள் என்று நான் சொன்னதும் நாலு வாய் அவசரமாக விழுங்கினார். கை கழுவிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"ஆட்டோ கூப்புடு. நானும் வர்றேன்."

பெங்களூர் வந்த பிறகு, எனக்குத் தெரிந்து, அப்பா கோவிலுக்கும் டாக்டரிடமும் தவிர எங்கும் போனதில்லை. மடிவாளா சிக்னலில் ஆட்டோ நின்றபோது, சாலையோரத்தில் குவித்து வைத்திருந்த இளநீர்க் காய்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது.

வார்டில் டாக்டரம்மா இருந்தார், மனைவி இருந்தாள், மைத்துனரும் இருந்தார். அப்பா நேராக டாக்டரம்மாவிடம் போய் நின்றார். பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பையன் நிற்கிற மாதிரி அல்ல, அலுவலகத்தில் தன் கையெழுத்துக்குப் பொறுப்பேற்கிறவர் நிற்கிற மாதிரி நின்றார்.

"நான்தாம்மா குடுத்தேன். இளநீ. பத்துப் பதினஞ்சு நாளா, தெனமும். என் பையன் குழந்தைய ஸ்கூல்ல இருந்து கூட்டியாரப் போவான், அந்த நேரத்துல. அவனுக்குத் தெரியாது."

மைத்துனர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் படுக்கையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "அவரு நல்லதுக்குத்தான் செஞ்சாரு. வாங்கிக் குடிச்சது நான்."

அப்பா திரும்பி அவரைப் பார்த்தார். என் கல்யாணம் நடந்து அத்தனை வருஷத்தில் அப்பா அந்த முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க வெயில்ல எறங்கிப் போயி வாங்கியாந்து வெப்பீங்க. நான் எப்படி வேணாம்னு சொல்றது?"

டாக்டரம்மா, சரி, காரணம் தெரிந்ததே பெரிய விஷயம், இனி கவலையில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். மைத்துனர் வெளியே போய் எனக்கும் சேர்த்து டீ வாங்கிவந்து கையில் கொடுத்தார். அவர் சொல்ல நினைத்தது அந்த டீயில் இருந்தது, நானும் வாங்கிக் குடித்தேன்.

திரும்பி வருகிற ஆட்டோவில் அப்பாவிடம் கேட்டேன், ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று. அவர் மறைக்காமல் சொன்னார். வீட்டுக்கு வந்த சம்பந்தியம்மாவுக்கு நான் காயின் சத்தையெல்லாம் வடித்துக் கொட்டிவிட்டுச் சக்கையைப் போடுகிறேன், எனக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று அவர் நினைத்திருக்கிறார். தண்ணீருக்குக்கூட அளவு வைத்துக் கொடுக்கிறானே, இது நம் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய கேவலம் என்று அவருக்குத் தாங்கவில்லை. மகனை வெளிப்படையாகக் கண்டிக்கவும் மனசில்லை. அதனால் இளநீர் வாங்கி, சீவி, டம்ளரில் ஊற்றி, உள் அறை வாசலில் வைத்துவிட்டு இருமுவாராம். மாமியார் எடுத்துக்கொண்டு காலி டம்ளரைத் திருப்பி வைப்பாராம். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் நடந்த விருந்தோம்பல்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு உயிர் போயிருக்கும். ஆனால் அந்தக் கோபத்தைவிட, இத்தனை மாதமாக என் கைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே என்னை நம்பாமல் இருந்திருக்கிறாரே என்பதுதான் அதிகமாக உறுத்தியது.

"நாளைக்குக் காலைல சமையக்கட்டுல வந்து உக்காருங்க. நான் என்ன பண்றேன், எதுக்குப் பண்றேன்னு பாருங்க. பாத்துட்டு தப்புன்னா சொல்லுங்க" என்றேன்.

அவர் வந்து உட்கார்ந்தார். மாமியார் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்பே பாடம் தொடங்கிவிட்டது. காயை ஏன் சின்னதாக நறுக்குகிறேன், ஏன் ஊறவைக்கிறேன், ஏன் அந்தத் தண்ணீரை ரசத்துக்குக்கூடப் பயன்படுத்துவதில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் சொன்னேன். அவருக்கே ஏன் சோற்றுக்கு முன்னால் காயையும் பருப்பையும் வைக்கிறேன் என்றும் சொன்னேன். அதுவரை அது மகனின் கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தாராம். இரண்டு நாள் கேட்டுவிட்டு மூன்றாம் நாள், அந்தக் கத்தியை இப்படிக் கொடு என்றார்.

அதற்குப் பிறகு காய் நறுக்குவது அப்பாவின் வேலை. ஹாலில் பழைய செய்தித்தாளை விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சௌசௌவைத் தோல் சீவி நறுக்குவார். மெதுவாகத்தான் வரும், ஆனால் என்னுடையதைவிட ஒரே சீராக இருக்கும். ஒத்துக்கொள்கிறேன். மாமியாரின் பங்கைத் தண்ணீரில் போட்டதும் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொள்வார். நேரத்துக்கு முன்னால் நான் அந்தப் பாத்திரத்தைத் தொட்டால் ஹாலிலிருந்து குரல் வரும்.

மாமியார் வீட்டுக்கு வந்தபோது உடம்பு இளைத்திருந்தது, ஆனால் நடந்துதான் வந்தார். அன்றைக்கு நானே பிடிவாதமாக எல்லோருக்கும் ஹாலிலேயே இலை போட்டேன். சௌசௌ கூட்டு, எல்லோருக்கும் அதுதான். அப்பா களியோடு, மாமியார் சோற்றோடு, மகளும் மனைவியும் சப்பாத்தியோடு. மாமியார் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தார். அப்பா தன் கிண்ணத்தில் இருந்ததை ருசி பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே கேட்டார்.

"உங்களுதுல காரம் போதுமாம்மா?"

"மிளகு இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லா இருக்கும்" என்றார் மாமியார். அதையும் அவர் அப்பாவிடமே சொன்னார்.

எனக்கு வேலை குறைந்தது. இனி நடுவில் நின்று செய்தி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தலைவலி கூடியது. இருவரும் நேராகப் பேசத் தொடங்கியதும் என் சமையலைப் பற்றித்தான் பேசினார்கள். நேற்றைய சீரகம் கருகல், இன்றைக்கு இஞ்சி தூக்கல் என்று ஹாலுக்கும் உள் அறைக்கும் இடையே விமர்சனம் நடக்கும். குறை சொல்கிறவர்கள் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காததால் நான் கண்டுகொள்ளவில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்கு மைத்துனர் வந்து தாயைக் கிருஷ்ணகிரிக்கு அழைத்துப்போவதாகச் சொன்னார். ஒரு மாதமாவது அங்கே இருக்கட்டும் என்று ஆசை. மாமியார் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "இங்க எனக்கு சாப்பாடு ஒத்துக்கிச்சுப்பா. நீ வந்து பாத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். மைத்துனர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதே விடுமுறையில் ஊரிலிருந்து அப்பாவின் பழைய அலுவலக நண்பர் வந்தார். பையன் என்ன செய்கிறான் என்று அவர் கேட்டபோது நான் சமையலறையில் இருந்தேன். லீவு என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். "பாக்டரி மூடிட்டாங்க. வீட்டுச் சமையல் அவன்தான் பாத்துக்கிறான். சாப்ட்டுப் போங்க, தெரியும்" என்றார் அப்பா.

நண்பர் சாப்பிட்டுவிட்டு இரண்டாம் முறை கூட்டு கேட்டார். நான் அன்றைக்குக் கூடுதலாகவே வைத்திருந்தேன்.

மறு வருஷம் பொம்மசந்திராவில் ஒரு பட்டறையில் எனக்கு வேலை கிடைத்தது. பழைய வேலை மாதிரியே, சம்பளம் கொஞ்சம் குறைவு. எல்லோருக்கும் சந்தோஷம், அதே சமயம் எல்லோருக்கும் ஒரே கேள்வி. சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றாள் மனைவி. கீழ் வீட்டு ஓனரம்மாகூட ஓர் அம்மாவை அனுப்பிவைத்தார். நல்லவர், கை சுத்தம். ஆனால் வடித்து வைத்திருந்த காயைப் பார்த்து, ஐயோ பாவம் உப்பே இல்லையே என்று ஒரு பிடி போட்டுவிட்டார். அப்பா அந்தக் கிண்ணத்தை உள்ளே போக விடாமல் கையால் மறித்துவிட்டார். மறுநாளிலிருந்து அந்த அம்மா வரவில்லை. அப்பா என்ன சொன்னார் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

முடிவாக, நான் விடியற்காலையில் எழுந்து எல்லாவற்றையும் வேகவைத்து, பிரித்து, கிண்ணங்களில் மூடி வைத்துவிட்டுப் போவது என்றும், தாளித்துப் பரிமாறுவது அப்பா என்றும் ஏற்பாடானது. வாழ்நாளில் தனக்கென்று ஒரு டீ போட்டுக் குடிக்காத மனிதர். முதல் வாரம் கடுகு வெடித்துச் சட்டையில் பொட்டுப் பொட்டாக எண்ணெய். மாமியார் உள் அறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, இப்போ கறிவேப்பிலை, இப்போ பெருங்காயம், இப்போ அடுப்பை அணையுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்.

மாமியார் அதற்குப் பிறகும் பல வருஷம் எங்களோடு இருந்தார். பிற்பாடு டயாலிசிஸ் செய்ய வேண்டி வந்தபோது சாப்பாட்டு விதிகள் தலைகீழாக மாறின. டயாலிசிஸில் புரதச் சத்து போய்விடும், இனி பருப்பைக் குறைக்கக் கூடாது, கூட்ட வேண்டும் என்றார்கள். நான் பட்டறையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அப்பா விஷயத்தைச் சொல்லிவிட்டார். பயறு, கொண்டைக்கடலை, பன்னீர் இதெல்லாம் எவ்வளவு போடலாம் என்று டாக்டரம்மாவிடம் தானே கேட்டு வந்திருந்தார். பன்னீர் மட்டும் குழந்தைக்குக் கொடுத்துவிடாதே என்று எனக்கே எச்சரிக்கை சொன்னார். பயறு அதற்குள் பெரிய பாத்திரத்தில் ஊறிக்கொண்டிருந்தது. நான் கை கழுவிக்கொண்டு, நாளைக்கு அதை எந்த இடத்தில் பிரிப்பது என்று யோசிக்கத் தொடங்கினேன்.